ஜிக்கு பிளஸா, மைனஸா? தடையின்றி விழும் பொருள் கணக்குகள் பற்றி

கேள்வி: சென்னையில் பிளஸ் ஒன் படிக்கிறேன். கீழே விழும் பொருள், மேலே எறியப்படும் பொருள் கணக்குகளுக்கான ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனால் ஜிக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்கு, எப்போது பிளஸ், எப்போது மைனஸ் போடுவது என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். மேலே போகும்போது மைனஸ், கீழே வரும்போது பிளஸ் என்று டியூஷனில் சொன்னார்கள். கீழே உள்ள கணக்கில் அது எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை: 60 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது. அது எப்போது தரையை அடையும்? என்ன வேகத்தில்? இன்னொன்று, கனமான பொருள்தானே சீக்கிரம் விழும்?

பதில்:

டியூஷனில் சொன்ன விதியை வைத்து எளிய கணக்குகளைப் போட்டுவிடலாம். நீங்கள் கேட்டிருக்கும் 60 மீட்டர் கணக்கு மாதிரி ஒன்று வந்ததும் அது காலை வாரிவிடும். ஏனென்றால் இங்கே பந்து மேலேயும் போகிறது, கீழேயும் வருகிறது, எறிந்த இடத்தையும் தாண்டிக் கீழே இறங்குகிறது. பாதி வழியில் குறியை மாற்ற வேண்டுமா, எந்த இடத்தில் மாற்றுவது என்று யோசிக்க ஆரம்பித்தாலே குழப்பம்தான்.

குறியை நடுவில் மாற்றவே கூடாது. பூமி எப்போதும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. பந்து மேலே போனாலும், உச்சியில் திரும்பினாலும், கீழே வந்தாலும் அந்த இழுப்பு ஒன்றேதான். எனவே ஜியின் குறி பந்து போகும் திசையைப் பொறுத்தது அல்ல. கணக்கைத் தொடங்கும்போது நீங்கள் எந்தத் திசையை பிளஸ் என்று வைத்துக்கொண்டீர்கள் என்பதை மட்டும் பொறுத்தது. மேல்நோக்கி பிளஸ் என்றால் ஜி கடைசிவரை மைனஸ். கீழ்நோக்கி பிளஸ் என்றால் ஜி கடைசிவரை பிளஸ். இரண்டில் எதை எடுத்தாலும் ஒரே விடைதான் வரும். எடுத்ததை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே எந்த எண்ணையும் எழுதுவதற்கு முன்னால் தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் பிளஸ் என்று எழுதுங்கள். அடுத்து, பூஜ்ஜியம் எங்கே என்று ஒரு புள்ளி வையுங்கள். பொருள் கையை விட்டுப் பிரியும் இடத்தையே பூஜ்ஜியமாக வைப்பது பெரும்பாலும் வசதி. இதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது. பரீட்சை அவசரத்தில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கணக்கையே போடுவோம். ஜியை 10 என்று எடுத்துக்கொள்வோம். மேல்நோக்கி பிளஸ், கட்டடத்தின் உச்சி பூஜ்ஜியம். ஆரம்பத் திசைவேகம் மேல்நோக்கி, அதனால் +20. முடுக்கம் −10. தரை, உச்சிக்கு 60 மீட்டர் கீழே இருக்கிறது, அதனால் தரையை அடையும்போது இடப்பெயர்ச்சி −60. பந்து போன மொத்தத் தூரம் இங்கே தேவையே இல்லை. இயக்கச் சமன்பாடுகளில் நிற்பது இடப்பெயர்ச்சிதான், கடந்த தூரம் அல்ல. நேரத்தை டி என்று வைத்தால், இடப்பெயர்ச்சி = ஆரம்பத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்² என்ற சமன்பாட்டின்படி:

−60 = 20டி − 5டி²

அதாவது டி² − 4டி − 12 = 0. காரணிப்படுத்தினால் (டி − 6)(டி + 2) = 0. எனவே டி = 6 அல்லது −2. விடை 6 விநாடி. அப்போதைய திசைவேகம் 20 − 10 × 6 = −40. மைனஸ் என்றால் கீழ்நோக்கி. ஆக, விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும்.

இதையே இரண்டு துண்டாகவும் போடலாம்: மேலே போக 2 விநாடி, அதற்குள் 20 மீட்டர் ஏறும். பிறகு 80 மீட்டர் விழ 4 விநாடி. மொத்தம் 6. தப்பில்லை. ஆனால் துண்டு போடும்போது வேலை இரட்டிப்பாகும். இரண்டு பொருள்கள் வரும் கணக்கில் ஒன்று ஏறிக்கொண்டும் மற்றொன்று இறங்கிக்கொண்டும் இருக்கும்போது எங்கே வெட்டுவது என்றே தெரியாமல் போகும்.

ஏன் துண்டு போடத் தேவையில்லை என்பதைக் கண்ணால் பார்க்க, விநாடிக்கு விநாடி பந்தின் திசைவேகத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 20, 10, 0, −10, −20, −30, −40. ஒவ்வொரு விநாடியும் சரியாக 10 குறைகிறது. 2-வது விநாடியின் முடிவில் பூஜ்ஜியத்தைக் கடக்கும்போதும் அந்த வரிசையில் ஒரு மாற்றமும் இல்லை. உச்சிப் புள்ளி என்பது நம் கண்ணுக்கு விசேஷமாகத் தெரிகிறதே தவிர, சமன்பாட்டுக்கு அது மற்ற நேரங்களைப் போல இன்னொரு நேரம்தான். 4-வது விநாடியின் முடிவில் −20 இருக்கிறது பாருங்கள். பந்து எறிந்த உயரத்தையே, எறிந்த அதே வேகத்தில், கீழ்நோக்கிக் கடக்கிறது.

உச்சியில் திசைவேகம் பூஜ்ஜியம் என்றதும் முடுக்கமும் பூஜ்ஜியம் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அங்கே முடுக்கமும் பூஜ்ஜியமாகிவிட்டால் பந்து அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும், திரும்பி வரவே வராது. உச்சியிலும் முடுக்கம் −10தான்.

இப்போது அந்த −2. எல்லோரும் அதை "நேரம் மைனஸில் வராது" என்று சொல்லி அடித்துவிடுவார்கள். விடையாக அது செல்லாதுதான். ஆனால் அதை வெறுமனே தூக்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை, அதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. சமன்பாட்டுக்கு நீங்கள் பந்தைக் கட்டடத்தின் உச்சியில் நின்று எறிந்தது தெரியாது. பூஜ்ஜிய நேரத்தில் பந்து அந்த உயரத்தில் +20 திசைவேகத்தோடு இருந்தது என்பது மட்டும்தான் தெரியும். அப்படியானால் அதற்கு முன்னால் அது எங்கே இருந்திருக்கும்? 2 விநாடி முன்னால் தரையில் இருந்திருக்கும் என்கிறது −2. சரிபார்ப்போம்: தரையிலிருந்து விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஒருவர் மேலே எறிந்தால், 2 விநாடியில் அது 40 × 2 − 5 × 4 = 60 மீட்டர் ஏறியிருக்கும். வேகம் 40 − 20 = 20. அப்படியே பொருந்துகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். அதே கட்டடத்தின் உச்சியிலிருந்து அதே 20 மீட்டர் வேகத்தில் பந்தைக் கீழ்நோக்கி எறிந்தால் எத்தனை விநாடி? கீழ்நோக்கி பிளஸ் என்று வைத்தால் 60 = 20டி + 5டி². விடை 2 விநாடி. நாம் அடித்துவிட்ட மைனஸ் விடையின் எண்தான் அது! தரையில் மோதும் வேகமும் 20 + 20 = 40, முன்பு வந்த அதே 40. மேலே எறிந்தாலும் கீழே எறிந்தாலும் ஆரம்ப வேகம் ஒன்றென்றால் தரையில் மோதும் வேகமும் ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டவருக்குப் போட்டித் தேர்வில் ஒரு கேள்வி பத்து விநாடியில் முடியும்.

அடுத்தது கேள்வியின் வாசகம். "விடப்படுகிறது", "நழுவுகிறது" என்றால் ஆரம்பத் திசைவேகம் பூஜ்ஜியம் என்று கை தானாக எழுதிவிடும். எதிலிருந்து நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளில் ஆளையும் சாமானையும் ஏற்றும் வெளிப்புற லிஃப்டைப் பார்த்திருப்பீர்கள். அது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது, தரையிலிருந்து 30 மீட்டரில் ஒரு போல்ட் கழன்று விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழன்ற நொடியில் போல்ட்டின் திசைவேகம் பூஜ்ஜியம் அல்ல, லிஃப்டுக்கு இருந்த அதே +5. எனவே −30 = 5டி − 5டி², டி = 3 விநாடி. லிஃப்டுக்குள் இருப்பவருக்கு போல்ட் நேரே கீழே போவதாகத் தெரியும். தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது முதலில் இன்னும் 1.25 மீட்டர் மேலே ஏறி, பிறகுதான் இறங்கும். ஆரம்பத் திசைவேகத்தைப் பூஜ்ஜியம் என்று போட்டால் சுமார் 2.45 விநாடி வரும். அந்தத் தப்பான விடையும் நான்கு தெரிவுகளில் ஒன்றாக நிச்சயம் உட்கார்ந்திருக்கும். பலூன், ஹெலிகாப்டர் என்று எது வந்தாலும் இதே கதைதான்.

எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. கேள்வியில் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்று ஒரு அளவு இருக்கும். அந்த அளவு இல்லாத சமன்பாட்டை எடுங்கள். நேரம் பற்றிப் பேச்சே இல்லையா, திசைவேகத்தின் வர்க்கம் வரும் சமன்பாடு. இறுதித் திசைவேகம் பற்றிப் பேச்சில்லையா, மேலே நாம் பயன்படுத்தியது.

கடைசி விநாடிக் கணக்குகள் தனி ரகம். "உயரத்திலிருந்து விடப்பட்ட கல் கடைசி ஒரு விநாடியில் 45 மீட்டர் விழுகிறது, உயரம் என்ன?" என்று வரும். இதற்கு மாணவர்கள் ஒரு தனி ஃபார்முலாவை மனப்பாடம் செய்கிறார்கள். அது தேவையே இல்லை என்பேன். முடுக்கம் சீராக இருந்தால், ஒரு கால இடைவெளியில் சராசரித் திசைவேகம் எதுவோ அதுதான் அந்த இடைவெளியின் நட்டநடு நேரத்தில் இருந்த திசைவேகம். கடைசி ஒரு விநாடியில் 45 மீட்டர் என்றால் சராசரி 45. அப்படியானால் அந்த விநாடியின் நடுவில் கல்லின் வேகம் 45. பூஜ்ஜியத்திலிருந்து விநாடிக்கு 10 வீதம் கூடி 45-ஐத் தொட 4.5 விநாடி ஆகும். அது கடைசி விநாடியின் நடு, எனவே இன்னும் அரை விநாடி சேர்த்து மொத்தம் 5 விநாடி. உயரம் 5 × 25 = 125 மீட்டர். தாளில் இரண்டே வரி.

இதையே கொஞ்சம் மாற்றி, "மொத்த உயரத்தில் 25-ல் 9 பங்கைக் கடைசி விநாடியில் கடக்கிறது" என்றும் கேட்பார்கள். கடைசி விநாடியைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். மீதி 25-ல் 16 பங்கு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஓய்விலிருந்து விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். எனவே அந்த நேரத்துக்கும் மொத்த நேரத்துக்கும் உள்ள விகிதம் 16/25-ன் வர்க்கமூலம், அதாவது 4/5. ஒரு விநாடி குறைந்தால் ஐந்தில் நான்கு பங்காகிறது என்றால் மொத்தம் 5 விநாடி. மறுபடியும் 125 மீட்டர்.

அந்த 125 மீட்டரை விநாடி வாரியாகப் பிரித்தால் 5, 15, 25, 35, 45 என்று வரும். 1, 3, 5, 7, 9 என்ற ஒற்றைப்படை விகிதம். 1638-இல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ இந்த விகிதத்தைச் சொல்லிவிட்டார். நேராக விழும் பொருளை அளக்கும் அளவுக்கு அவரிடம் கடிகாரம் இல்லை. சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி வேகத்தைக் குறைத்து, ஒழுகிச் சேர்ந்த தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கண்டுபிடித்தார்.

இரண்டு பொருள் கணக்குக்கு வருவோம். மெரினா கலங்கரை விளக்கம் சுமார் 46 மீட்டர் உயரம். கணக்கு வசதிக்காக 45 என்று வைப்போம். உச்சியிலிருந்து ஒரு பந்தை விடுகிறோம். அதே நொடியில் அடிவாரத்திலிருந்து இன்னொரு பந்தை விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். எப்போது சந்திக்கும்? இரண்டுக்கும் தனித்தனிச் சமன்பாடு எழுதிச் சமப்படுத்தலாம். அதைவிட, ஒரு பந்தின் மேல் உட்கார்ந்து மற்றதைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பந்துகளுக்கும் முடுக்கம் ஒன்றே, எனவே ஒன்றைப் பொறுத்து மற்றதற்கு முடுக்கம் பூஜ்ஜியம். இடைவெளி 45 மீட்டர், நெருங்கும் வேகம் மாறாமல் 30. நேரம் 45/30 = 1.5 விநாடி. ஜி கணக்கிலேயே வரவில்லை! எந்த உயரத்தில் என்று கேட்டால்தான் ஜி வேண்டும்: 30 × 1.5 − 5 × 2.25 = 33.75 மீட்டர். மேலிருந்து வந்த பந்து 11.25 மீட்டர் விழுந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 45, விடை சரி. ஒன்றை முதலிலும் மற்றதைச் சில விநாடி கழித்தும் எறிந்தால், இரண்டாவது கிளம்பும் நொடியில் முதலாவது எங்கே, என்ன திசைவேகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து இதே வழியில் போங்கள்.

கிணற்றில் கல் போட்டுச் சத்தம் கேட்கும் கணக்கில் ஒலி வரும் நேரத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்றும் சந்தேகம் வரும். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர், ஜி 9.8 என்று எடுத்தால், 1 விநாடியில் சத்தம் கேட்கும் கிணற்றில் ஒலியை விட்டுவிட்டால் 4.9 மீட்டர், சேர்த்தால் சுமார் 4.76. வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. 2 விநாடி என்றால் 19.6-க்குப் பதில் 18.5 மீட்டர், ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். கேள்வியில் ஒலியின் வேகத்தைக் கொடுத்திருந்தால் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி எடை. கனமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுப்பது உண்மைதான். ஆனால் அதை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். நிறை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகிறது, முடுக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஃபால்கன் என்ற வேட்டைப் பறவையின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அங்கே காற்று இல்லை. நம் ஊரில் இறகு மெதுவாக விழுவது எடை குறைவு என்பதற்காக மட்டும் அல்ல, அந்தக் குறைந்த எடைக்குக் காற்றின் தடை மிகப் பெரியது என்பதால். நோட்டிலிருந்து கிழித்த தாளை விரித்தபடி ஒரு முறை, கசக்கி உருண்டையாக்கி ஒரு முறை விட்டுப் பாருங்கள். எடை மாறவில்லை, விழும் வேகம் மாறுகிறது.

காற்றை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் ஐப்பசி மழையே சாட்சி. ஒரு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து வரும் துளிக்கு நம் சமன்பாட்டைப் போட்டால் விநாடிக்கு 141 மீட்டர், மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்படி விழுந்தால் குடை கிழிந்துவிடும். உண்மையில் பெரிய துளிகள்கூட விநாடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில்தான் விழுகின்றன. காற்றின் தடை எடைக்குச் சமமானதும் வேகம் கூடுவது நின்றுவிடுகிறது. இதைத்தான் பாடத்தில் முற்றுத் திசைவேகம் என்கிறார்கள். ஆகவே "காற்றுத் தடையைப் புறக்கணிக்க" என்ற வரி அலங்காரத்துக்கு இல்லை. கல், போல்ட், பந்து போன்றவை சில பத்து மீட்டர் விழும் கணக்குகளில் அது ஓரளவு நியாயமானது, மழைத்துளிக்கு அல்ல.

விடை வந்ததும் நடப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வையுங்கள். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கீழே நிற்கும் அண்ணனுக்கு வண்டிச் சாவியைப் போடுகிறீர்கள். உயரம் கிட்டத்தட்ட 10 மீட்டர். நேரம் சுமார் 1.4 விநாடி, கீழே சேரும் வேகம் விநாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். இந்த ஓர் எண் மனதில் இருந்தால், 20 மீட்டர் கட்டடத்திலிருந்து விழும் கல்லுக்கு 12 விநாடி என்று விடை வந்தால் உடனே சந்தேகம் வரும். கையால் பிடிக்காமல் ஒதுங்கி நின்று தரையிலிருந்து எடுக்கச் சொல்வதும் நல்லது. இரும்புச் சாவிக்கொத்துக்கு அந்த வேகம் விளையாட்டு இல்லை.

ஜிக்கு 9.8-ஆ, 10-ஆ? கேள்வியில் கொடுத்திருப்பதை எடுங்கள். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் 9.8. கொடுத்திருக்கும் உயரம் 4.9, 19.6, 44.1, 78.4 மாதிரி இருந்தால் 9.8-க்காகவே தயாரித்த கணக்கு. 5, 20, 45, 80, 125 என்றால் 10-க்காக. உண்மையான மதிப்பு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். நிலநடுக்கோட்டில் 9.78, துருவங்களில் 9.83. நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை தள்ளியிருக்கும் நம் சென்னையில் சுமார் 9.783. கலங்கரை விளக்கத்தின் 46 மீட்டரை விழ 10 என்று எடுத்தால் 3.03 விநாடி, 9.783 என்று எடுத்தால் 3.07 விநாடி. தேர்வுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் உள்ள குழாயிலிருந்து சம இடைவெளியில் நீர்த்துளிகள் சொட்டுகின்றன. முதல் துளி தரையைத் தொடும் அதே நொடியில் மூன்றாவது துளி குழாயை விட்டுக் கிளம்புகிறது. அப்போது இரண்டாவது துளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? பாதி வழி, 2.5 மீட்டர் என்று தோன்றும். முதல் துளி விழும் நேரத்தைக் கண்டுபிடித்து, இரண்டாவது துளி அதில் பாதி நேரம்தான் விழுந்திருக்கிறது என்பதை வைத்துப் போடுங்கள். ஜி 10 என்றால் 3.75 மீட்டர் வர வேண்டும். வேறு எண் வந்தால் நீங்கள் போட்ட வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், எங்கே இடறுகிறது என்று பார்ப்போம்.